ஊட்டியில் பருப்பு ஏன் வேக மாட்டேங்குது?

குக்கரும் பருப்பும் கட்டிக்கொண்டு சென்னையிலிருந்து ஊட்டிக்குக் கிளம்புகிறவர்களுக்கு:

கடலோரமான நம்ம ஊரில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைவதால், ஏறக்குறைய 300 மீட்டர் ஏறினால் கொதிக்கும் சூடு ஒரு டிகிரி குறையும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். அங்கே 92, 93 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிடும். தீயைக் கூட்டினாலும் சூடு அதற்கு மேல் ஏறாது, தண்ணீர்தான் வற்றும். கேஸ் தண்டம். உப்பு போட்டால்? லிட்டருக்கு 10 கிராம் போட்டாலும் கால் டிகிரிகூட ஏறாது.

முட்டைக்கு 10 நிமிடம் போதாது, 13 வையுங்கள். சோறு வடிப்பதானால் அரிசியை அரை மணி ஊறவைத்து, மூடிபோட்டு வேகவிடுங்கள். இல்லாவிட்டால் நடுவில் நறுக்கரிசியாக நிற்கும்.

குக்கர் வெயிட், வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல்தான் தன் பங்கைச் சேர்க்கும். வெளியே குறைந்தால் உள்ளேயும் குறையும்: சென்னையில் சுமார் 120 டிகிரி, ஊட்டியில் 116. நாலு டிகிரிதானே என்று விடாதீர்கள், கொண்டைக்கடலை விடாது. 10 மணி நேரம் ஊறவைத்து, முதல் விசிலுக்குப் பின் சிம்மில் 25 நிமிடம். விசில் எண்ணுவதைவிடக் கடிகாரம் பார்ப்பது மேல்.

தோசைக்கு இந்தத் தொல்லை இல்லை, கல்லின் சூடு எங்கேயும் ஒன்றுதான். மாவு புளிக்காதது குளிரால், அது வேற பஞ்சாயத்து.