தும்பும் இருபது டொலரும்

தரம் 8 வகுப்பில் அந்த நாவலை வைத்து நான் கேட்ட முதற்கேள்வி, “இந்தக் கதையில இருந்து நாங்க என்ன படிக்கிறோம்?” என்பது. முன்வாங்கில் இருந்த பிள்ளை எழும்பி, “விடாமுயற்சி, மிஸ்” என்றாள். அவளுக்குப் பின்னால் ஒருவன், “தன்னம்பிக்கை” என்றான். மற்ற எல்லாரும் அந்த இரண்டு சொற்களையும் கொப்பியில் எழுதிவிட்டுப் பேனையைக் கீழே வைத்தார்கள். அன்றைக்கு நாங்கள் மூன்றாம் அத்தியாயத்தைத்தான் முடித்திருந்தோம். முடிவு தெரியாத கதைக்கு அவர்களிடம் படிப்பினை தயாராக இருந்தது.

நாவல், கேரி போல்சன் எழுதிய ‘ஹாட்செட்’. கைக்கோடரி என்று பொருள். சிறுவர் இலக்கியத்துக்கான அமெரிக்காவின் நியூபெரி சிறப்பு விருதை 1988இல் பெற்றது. பெற்றோர் பிரிந்துவிட்ட பிரையன் என்ற 13 வயதுப் பையன், கனடாவில் எண்ணெய் வயலில் வேலை செய்யும் அப்பாவிடம் சிறிய விமானமொன்றில் போகிறான். வழியில் விமானிக்கு மாரடைப்பு. விமானம் காட்டு ஏரியில் விழுகிறது. 54 நாட்கள் அவன் தனியே பிழைத்திருக்க வேண்டும். இடுப்பில் அம்மா கொடுத்த கைக்கோடரி இருக்கிறது, அவ்வளவுதான்.

என் வகுப்பில் 34 பேர். மட்டக்குளி, கொட்டாஞ்சேனை, வெல்லம்பிட்டி, வெள்ளவத்தை என்று கொழும்பிலும் அதன் அருகிலுமாக நாலா பக்கமிருந்தும் வருகிறவர்கள். தமிழ் மொழிமூல வகுப்பு, நான் ஆங்கில ஆசிரியை. வெள்ளிக்கிழமை நூலகப் பாடவேளையில் நாவலை வாசித்துக்காட்டுவேன். பிறகு ஆங்கிலத்தில் கேள்வி, ஆங்கிலத்தில்தான் பதில். நானே போட்ட சட்டம் அது. கேள்வி கேட்டதும் 33 தலைகள் குனியும். வீட்டில் ஆங்கிலம் பேசும் ஒரே ஒரு பிள்ளை பதில் சொல்லும். மௌனம் தாங்க முடியாமல் மிச்சப் பதில்களை நானே சொல்லிவிடுவேன். வகுப்புக்குக் கதை பிடிக்கவில்லை என்றே இரண்டு மாதம் நினைத்திருந்தேன்.

அந்தச் சட்டத்தை நீக்கியது ஐந்தாம் அத்தியாயத்தில். அங்கே பிரையன் தன்னிடம் என்னென்ன இருக்கிறது என்று கணக்கெடுக்கிறான். சட்டைப்பைகளைத் துழாவுகிறான்: கொஞ்சம் சில்லறைக் காசு, ஒரு நகவெட்டி, பணப்பை, அதற்குள் ஒரு இருபது டொலர் தாள். அந்தப் பக்கத்தை வாசித்து முடித்ததும் நான் கேள்வி கேட்கவில்லை. “இப்ப இந்த நிமிஷம் உங்கட பொக்கெட்டில இருக்கிறதை மேசையில வையுங்க. தமிழிலயே கதைக்கலாம்” என்றேன்.

பஸ் காசு வந்தது. டொபி உறை வந்தது. கவராயம், உடைந்த அடிமட்டம், ஒரு பிள்ளையின் ஆஸ்துமா பம்ப். வெல்லம்பிட்டியிலிருந்து வரும் ஒரு பிள்ளை தன் தலைத்துணியில் குத்தியிருந்த ஊசிகளில் ஒன்றைக் கழற்றி வைத்து, “இத வளைச்சா தூண்டில், மிஸ்” என்றாள். “நூலுக்கு எங்க போவீங்க?” என்று பின்வாங்கிலிருந்து ஒருவன் கேட்டான். அவள் தன் புத்தகப்பையின் தையலை இழுத்துக் காட்டினாள். பம்ப் வைத்திருந்த பிள்ளை, “எனக்கு இது முடிஞ்சா சாப்பாடு இருந்தும் வேலை இல்ல” என்று சொன்னபோது வகுப்பு கொஞ்சம் அமைதியானது. எது இருந்தால் பிழைக்கலாம் என்பது ஆளுக்கு ஆள் மாறும் என்று நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அன்று வீட்டுவேலையாக ஒரே ஒரு கேள்வி கொடுத்தேன். உங்கள் வீட்டில் யாராவது எப்போதாவது அவசரமாக வீட்டை விட்டு வெளியேறியிருந்தால், கையில் என்ன எடுத்தார்கள் என்று கேட்டு வாருங்கள். கொடுக்கலாமா என்று பாடவேளை முழுதும் யோசித்தேன். விருப்பமில்லாதவர்கள் கேட்கத் தேவையில்லை என்றும் சேர்த்துச் சொன்னேன். அடுத்த வெள்ளி 21 பேர் பதில் கொண்டுவந்தார்கள். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது ஒரு அம்மா எடுத்தது பிறப்புச் சான்றிதழ்களைச் சுற்றிய ஷொப்பிங் பை. 1983 ஜூலைக் கலவரத்தில் ஒரு அப்பம்மா கையிலெடுத்தது கைக்குழந்தைக்கான பால்மா டின்; கோயிலில் தஞ்சம் புகுந்த பிறகுதான் அதைத் திறக்கக் கரண்டி இல்லை என்று தெரிந்ததாம். வன்னியிலிருந்து வந்த ஒரு தகப்பன் எடுத்தது சைக்கிள் பம்ப், சைக்கிளே இல்லாமல். “ஏன் அதை எடுத்தனீங்க எண்டு கேட்டன், அப்பாவுக்கே தெரியேல்ல, மிஸ்” என்றான் மகன். அந்தப் பதிலைப் பற்றித்தான் வகுப்பு அதிக நேரம் கதைத்தது. விமானம் விழுந்த முதல் நாள் பிரையன் ஏன் தெளிவாக யோசிக்கவில்லை என்று அதற்குமுன் குறைசொன்னவர்கள் பிறகு சொல்லவில்லை.

மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியியலாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து ஒன்றைக் கண்டார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் ஏறக்குறைய ஒரு வினாடிதான் பொறுத்திருக்கிறார்கள். அதை மூன்று வினாடிக்கு நீட்டினாலே பிள்ளைகளின் பதில்கள் நீளுகின்றன, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் கதைக்கிறார்கள். பயிற்சிக் காலத்தில் இதைப் படித்துப் பரீட்சையிலும் எழுதியிருந்தேன். செய்து பார்த்தது இந்த நாவலோடுதான். மூன்று வினாடி நின்று பாருங்கள், எவ்வளவு நீளம் என்று தெரியும். சுவர் மணிக்கூட்டின் முள்ளைப் பார்த்தபடி நிற்பேன். எனக்கே பதில் தெரியாத கேள்வியாக இருந்தால் பொறுத்திருப்பது சுலபமாக இருந்தது.

நெருப்பு மூட்டும் இடம் அப்படி ஒன்று. முள்ளம்பன்றியை நோக்கி எறிந்த கோடரி குகைச்சுவரில் பட்டுப் பொறி பறந்ததை நினைத்துக்கொண்டு, பிரையன் கல்லில் கோடரியை அடித்து அடித்துப் பொறி எடுக்கிறான். பற்றவில்லை. காய்ந்த புல்லை வைக்கிறான், சுள்ளி வைக்கிறான். கடைசியில் அந்த இருபது டொலர் தாளைத் துண்டு துண்டாகக் கிழித்து வைக்கிறான். அதுவும் பற்றவில்லை.

“இருபது டொலரா!” என்று வகுப்பே கத்தியது. அது 2023. உடனே கணக்குப் போட்டார்கள், ஏறக்குறைய 6,000 ரூபாய். மட்டக்குளிப் பையன் ஒருவன், அதுவரை என் பாடத்தில் கை உயர்த்தாதவன், இருந்த இடத்திலிருந்தே சொன்னான்: “காசுத்தாள் அப்பிடிப் பத்தாது, மிஸ். தும்புதான் வேணும்.” வரச் சொன்னேன். கரும்பலகைக்கு முன்னால் வந்து நின்றான்.

2022 பொருளாதார நெருக்கடியில் சமையல் காஸ் இல்லாமல் போய், மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை நீண்ட மாதங்களில், அவர்கள் தொடர்மாடியின் பின்புறம் மூன்று கல் வைத்து அவன்தான் அடுப்பு மூட்டினானாம். முதலில் தேங்காய்த் தும்பைப் பஞ்சு மாதிரிப் பிரிக்க வேண்டும். அதற்குமேல் பாளைச் சீவல், பிறகுதான் சிரட்டை. “எல்லாத்தயும் நெருக்கி வச்சா புகைதான் வரும். காத்துப் போக இடம் விடணும். ஊதறதும் மெதுவா.” கைகளால் காட்டினான். மழையில் நனைந்த தும்பை எப்படி உலர்த்தினாய் என்று ஒருத்தி கேட்டாள். சட்டைக்குள் வைத்து என்றான். நான் பின்வாங்கில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அடுத்த பக்கத்தை வாசித்தேன். பிரையன் பூர்ஜ மரத்தின் பட்டையை மயிரிழைபோல் உரித்து, பறவைக் கூடுபோல் குவித்து, பொறி விழுந்ததும் ஊதுகிறான். நெருப்பு வருகிறது. பையன் எதுவும் சொல்லவில்லை. பக்கத்திலிருந்தவன் அவன் முதுகில் தட்டினான். அடுத்த பாடவேளையில் அவன் தும்பு பற்றி ஆங்கிலத்தில் ஆறு வசனம் எழுதிக்கொண்டு வந்தான். பிழைகள் இருந்தன, ஆனால் ஆறும் அவனுடையவை. ஆங்கிலப் பாடத்தில் தமிழ் கதைக்க விட்டால் ஆங்கிலம் வராது என்று சக ஆசிரியர்கள் என்னிடம் சொல்வதுண்டு. என் அனுபவம் வேறு. சொல்ல விஷயம் இருந்தபோது அவர்கள் ஆங்கிலச் சொல்லைத் தேடி என்னிடம் வந்தார்கள். ‘சிரட்டை’க்கு ஆங்கிலம் கேட்டு ஒரே நாளில் ஐந்து பேர்.

இந்த நாவலில் நான் பயந்த பகுதி ஒன்று உண்டு. பிரையனின் அம்மாவுக்கு வேறொருவருடன் உறவு இருக்கிறது. அவன் அதைக் கண்டுவிட்டான், அப்பாவுக்குத் தெரியாது. கதை முழுவதும் அந்த இரகசியம் அவனை அரிக்கிறது. இந்த வயதுப் பிள்ளைகளோடு இதை எப்படிக் கதைப்பது? தாவிப் போய்விடலாம் என்று ஒரு மூத்த ஆசிரியர் சொன்னார். என் வகுப்பில் பெற்றோர் பிரிந்தவர்கள் இருக்கிறார்கள், அம்மா குவைத்திலோ சவூதியிலோ வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் சொல்லாத விஷயங்கள் இருக்கும். தாவினால் அதைக் கதைக்கக்கூடாது என்று நானே சொன்ன மாதிரி ஆகும் என்று பட்டது. வாசித்தேன்.

மீட்கப்பட்ட பிறகும் அவன் அப்பாவிடம் சொல்லவில்லை. கடைசிப் பக்கங்களில் அது வரும்போது நான் கேட்டது இதுதான்: “சொல்லியிருக்க வேணுமா?” சொல்ல வேண்டும் என்று பாதிப் பேர். சொன்னால் இன்னொரு வீடும் விழும் என்று ஒருவன். “அவன் சொல்லாட்டி அப்பாவுக்கு அது பொய்யான வீடுதானே” என்று இன்னொருத்தி. மணி அடித்தும் வாக்குவாதம் நிற்கவில்லை. விரும்பியவர்கள் எழுதித் தரலாம், கட்டாயமில்லை என்றேன்.

ஏழு பேர் எழுதினார்கள். அதில் ஒரு கொப்பியில், பக்கத்தின் மேலே சிறிய எழுத்தில், “இதுக்கு மார்க்ஸ் போட வேணாம், மிஸ்” என்று இருந்தது. சிவப்புப் பேனையை மூடிவிட்டு, கீழே பென்சிலால் ஒரு கேள்வி மட்டும் எழுதிக் கொடுத்தேன். அடுத்த வெள்ளி கொப்பி திரும்பி வந்தது. கேள்விக்குக் கீழே ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். என்ன எழுதினாள் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை.