எந்தத் தெரு

"எந்தத் தெருவாம்?" என்று அந்தப் பெரியவர் கேட்டார். தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து தன் முன்னோர் ஊரைத் தேடி வந்திருந்த அம்மாவின் பக்கம் நான் திரும்பி, "எந்த வருஷம் போனாங்கன்னு கேக்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "1890" என்றார் அம்மா, உடனே. பெரியவரிடம் நான், "அதெல்லாம் தெரியலீங்க ஐயா, நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு" என்றேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு இளநீர் வெட்ட ஆள் அனுப்பினார்.

நடந்தது இவ்வளவுதான், அரை நிமிஷம்கூட இருக்காது. ஆறு வருஷமாக அந்த அரை நிமிஷத்தை நான் திரும்பத் திரும்பப் பேசிப் பார்க்கிறேன்.

பெரியவரின் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். அம்மாவின் கையில் இருந்த பிளாஸ்டிக் உறைக்குள் அது இருந்தது. சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர்களின் கப்பல் பட்டியல், நகல். 1860இலிருந்து 1911 வரை சென்னை, கல்கத்தா இரண்டு துறைமுகங்களிலிருந்தும் சேர்த்து ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் அப்படிப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர், உடம்பில் உள்ள தழும்பு. அம்மாவின் கொள்ளுத்தாத்தாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது, வட ஆற்காடு ஜில்லா. 1989இல் பிரிக்கப்பட்ட அந்த ஜில்லா இன்று எந்தப் பலகையிலும் இல்லை. ஆனால் குடியாத்தத்துக்குப் பக்கத்தில் ஊர் இருக்கிறது, அதே பெயரில்.

பள்ளிகொண்டா தாண்டும்போது அம்மா சாதிக் கட்டத்தின் மேல் விரல் வைத்து, "தம்பி, இது என்ன வார்த்தை?" என்று கேட்டார். அவர் வீட்டுப் பெயர் கோவெண்டர். நம் கவுண்டர்தான் டர்பனில் அப்படி ஆனது. கட்டத்தில் இருந்ததோ பறையர் என்பதன் பழைய ஆங்கில எழுத்து. "அந்தக் காலத்துல வெள்ளைக்காரன் எழுதி வெச்சது, அதை இப்போ பெருசா எடுத்துக்க வேண்டாம்" என்றேன். அவரும் விட்டுவிட்டார். இந்த முதல் பதில்கூட என்னை அவ்வளவு உறுத்தவில்லை. காரில் இருந்தது நாங்களும் டிரைவரும் மட்டும். சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ஊரில் செய்தது வேறு. ஒரு மனிதர் கேட்ட கேள்வியை நான் மாற்றினேன். மொழிபெயர்ப்புக்காகத்தான் எனக்குக் கூலி.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வருஷமாக இந்த வேலை செய்கிறேன். மொரீஷியஸ், ரீயூனியன், தென்னாப்பிரிக்கா என்று பல இடங்களிலிருந்து வேர் தேடி வருகிறவர்களை அழைத்துப் போயிருக்கிறேன். பாதிப் பேருக்கு ஒன்றுமே கிடைப்பதில்லை. இந்த அம்மாவுக்கு ஊர் கிடைத்தது. கையில் இருந்தது ஒரே ஒரு நாள். மரத்தடியில் பத்துப் பேர் கூடியிருக்கும்போது, அறுபது வயது தாண்டிய ஒரு பெண்ணிடம், அதுவும் மூன்றாவது மனிதன் வாயால், "உங்கள் ஆட்கள் இந்தப் பக்கம் இல்லை, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்" என்று சொல்ல முடியுமா? சொன்னபிறகு அந்த இளநீர் வந்திருக்குமா?

வந்தும் இருக்கலாம். அதுதான் என் சிக்கல். பெரியவர் என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. அவருக்கு அந்த வாய்ப்பையே நான் கொடுக்கவில்லை. நானும் இப்படியொரு ஊர்த்தெருவில் பிறந்து வளர்ந்தவன்தான். அம்மாவைக் காப்பாற்றினேனா, எங்கள் தெருவின் மானத்தைக் காப்பாற்றினேனா என்று கேட்டால், பல நாள் இரண்டாவதுதான் உண்மை என்று படுகிறது.

அப்புறம் கெங்கையம்மன் கோயிலுக்குப் போனோம். "எங்க ஆயா டர்பன்ல கும்பிட்டது இவளைத்தான்" என்று சொல்லி அம்மா வாசற்படியில் உட்கார்ந்து அழுதார். ஆடி மாதம் அங்கேயும் கூழ் ஊற்றுகிறார்களாம். அவர் அழுதபோது எனக்கும் கண் நிறைந்துவிட்டது, அதில் பொய் இல்லை. ஆனால் அவருடைய கொள்ளுத்தாத்தாவை அந்தப் படி வரைக்கும் விட்டிருப்பார்களா? குடியாத்தத்தில் வைகாசி பிறந்ததும் அம்மன் சிரசு ஊர்வலம் போகும். எங்கள் பக்கம் சொல்லும் கதையில் தலை ஒருத்தியுடையது, உடல் இன்னொருத்தியுடையது. அந்த இன்னொருத்தி எந்தத் தெரு என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வருஷா வருஷம் கூட்டத்தில் நின்று கும்பிட்டவன் நான்.

திரும்பும்போது கார் காலனியைக் கடந்தது. பிள்ளைகள் கை காட்டினார்கள். டிரைவர் வேகத்தைக் குறைத்தான். நான் "போலாம்" என்றேன். அந்தத் திண்ணைகளில் ஒன்றில் அம்மாவின் பங்காளி யாராவது உட்கார்ந்திருக்கலாம்.

வேலூர் வருவதற்குள் இருட்டிவிட்டது. அம்மா தன் சின்ன வயதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். டர்பனில் கேட்டோ மேனர் என்ற இடத்தில் அப்பா கட்டிய வீடு, பின்னால் மாமரம். 1950இல் போட்ட சட்டம் எந்த இனம் எந்தப் பகுதியில் குடியிருக்கலாம் என்று பிரித்தது. அவருக்கு எட்டு வயதில் லாரி வந்து நின்றது. சாமான்களை ஏற்றி, இந்தியர்களுக்கென்று புதிதாகக் கட்டிய சாட்ஸ்வொர்த்துக்குக் கொண்டுபோய் இறக்கினார்கள். "காகிதத்துல ஒரு கட்டம். அதுல என்ன எழுதியிருக்கோ, அதுதான் உன் தெரு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அங்கே எங்கே போனாலும் நீ யாருன்னுதான் முதல்ல பார்ப்பாங்க. இன்னிக்கு இந்த ஊர்ல ஒருத்தர்கூட அதைக் கேக்கலை, பார்த்தியா?" என்றார்.

நான் அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். சாயங்காலம் சொல்லலாம் என்று நினைத்த சாயங்காலம் அதுதான். அந்தக் கட்டத்தைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவரைத் தாங்கமாட்டாதவர் என்று நானே முடிவுகட்டியிருந்தேன். அவருடைய வீட்டுப் பெயரும் அப்போதுதான் உறைத்தது. அந்தக் குடும்பத்தில் யாரோ ஒருவர், கடல் தாண்டிய பிறகு, இங்கே கனவிலும் வைத்துக்கொள்ள முடியாத ஒரு பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்டிருக்கிறார். எவ்வளவு துணிச்சல் அது! அதையும் சேர்த்துத்தான் நான் மறைத்தேன்.

இல்லை, அவர் சந்தோஷமாகப் போனாரே, அது போதாதா என்று மறுநாளே மனசு மாறும். விமான நிலையத்தில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். அந்த நன்றியைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனமில்லை. வாங்கிக்கொள்ளவும் முடியவில்லை.

போன மாதம் அவர் பேரன் எழுதியிருந்தான். வைகாசியில் வருகிறானாம். சிரசு பார்க்க வேண்டும், ஆயா உட்கார்ந்த படியில் உட்கார வேண்டும், முடிந்தால் சொந்தக்காரர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பட்டியலின் அதே பக்கத்தை அனுப்பி, ஆயாவுக்குப் புரியாமல் போன வார்த்தை இது, உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டிருக்கிறான்.

இரண்டு முறை பதில் எழுதி அழித்துவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து அந்த ஊருக்குப் போனேன். வாய்க்கால் பாலம் வரைக்கும் நடந்தேன்.