மொட்டைமாடிக் காராமணி: வேர்முடிச்சைப் பிரித்துப் பார்த்தபோது

இந்த முறை செடிகளைப் பிடுங்கி வேரைப் பார்த்துவிட்டேன். தொட்டி எல்லாம் இல்லை. காசிமேட்டில் மீன் வரும் தெர்மோகோல் பெட்டிகளைக் கழுவி, அடியில் ஓட்டை போட்டு, தண்டையார்பேட்டை மொட்டைமாடியில் வைத்தவைதான். ஒரு பெட்டியில், ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியம் உயிர் உரம் (வேர்முடிச்சில் குடியிருந்து, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும் பாக்டீரியா) குழைத்து விதைநேர்த்தி செய்த காராமணி. அடுத்ததில் வெறும் காராமணி. மூன்றாவதில் மளிகைக்கடை கறுப்புக் கொண்டைக்கடலை. யூரியா கிடையாது, தழைச்சத்து (நைட்ரஜன்) தாராளமாகக் கிடைத்தால் செடி முடிச்சுப் போட மெனக்கெடாது.

காராமணி இரண்டிலும் முடிச்சுகள். "இன்னாபா, வேருக்கு அம்மை போட்டுக்குதா?" என்றார் கீழ்வீட்டு அக்கா. அப்படியானால் உயிர் உரப் பாக்கெட் தண்டச் செலவா? பிளேடால் வெட்டியபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. விதைநேர்த்தி செய்ததில் முடிச்சுகள் பருத்து, ஆணிவேரை ஒட்டி, உள்ளே நல்ல இளஞ்சிவப்பாக இருந்தன. மற்றதில் பல வெளிறிக் கிடந்தன. அந்தச் சிவப்பு லெக்ஹீமோகுளோபின் என்ற புரதம், நம் ரத்தத்தில் இருப்பதற்கு உறவுதான். நைட்ரஜனைப் பிடிக்கும் நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது. அதை அளந்து கொடுப்பது இதன் வேலை. உள்ளே சிவப்பு இருந்தால்தான் முடிச்சு வேலை செய்கிறது. ஆகவே முடிச்சுகளை எண்ணுவதை விட்டுவிட்டேன், வெட்டித்தான் பார்க்கிறேன்.

கொண்டைக்கடலையில் ஒன்றுகூட இல்லை. எனக்கு இதுதான் சுவாரசியம். வேர் கசியவிடும் ஃபிளேவனாய்டு என்ற வேதிப்பொருளை உணர்ந்ததும் பாக்டீரியாவின் நாட் (முடிச்சுப் போடவைக்கும்) மரபணுக்கள் விழித்து ஒரு சமிக்ஞைப் பொருளைச் செய்கின்றன. அது பிடித்திருந்தால்தான் வேர்த்தூவி சுருண்டு உள்ளே விடும். காராமணி, ரைசோபியத்தின் உறவான பிராடிரைசோபியத்தில் பலவகையைச் சேர்த்துக்கொள்ளும். கொண்டைக்கடலைக்கோ இன்னொரு உறவான மீசோரைசோபியத்தில் குறிப்பிட்ட சில வகைகள்தான் வேண்டும்; அவை என் பெட்டி மண்ணில் இல்லை போலிருக்கிறது.

ஆனால் முடிச்சுப் போடவைக்கும் அந்தத் தகுதி, ஒரு பாக்டீரியாவிடமிருந்து இன்னொன்றுக்குக் கைமாறக்கூடியது. நியூசிலாந்தில், லோட்டஸ் என்ற தீவனப்பயிருக்கு ஏற்ற பாக்டீரியா இல்லாத நிலத்தில் ஒரே ஒரு வகையை விதையோடு விட்டார்கள். 7 வருடம் கழித்து முடிச்சுகளில் விதவிதமான உள்ளூர் பாக்டீரியாக்கள் இருந்தன! விட்ட வகையின் சுமார் 5 லட்சம் எழுத்து நீளமுள்ள டிஎன்ஏ துண்டு அவற்றின் குரோமோசோமில் போய் உட்கார்ந்திருந்தது. முடிச்சுப் போடுவதற்கும் நைட்ரஜன் பிடிப்பதற்குமான மரபணுக்கள் எல்லாம் அதில்தான். 1995-இல் இதை வெளியிட்டார்கள்; துண்டின் முழு நீளம் 1998-இல்தான் வெளிவந்தது. தலைமுறை தலைமுறையாகக் காத்திருக்காமல் ஒரே தாவலில் பரிணாமம்.

அடுத்து, உடுமலைப் பக்கம் கொண்டைக்கடலை விளையும் காட்டு மண் ஒரு பிடி கேட்டிருக்கிறேன். மார்கழியில் விதைத்தால் இங்கேயும் ஓரளவு தாங்கும். பாதிப் பெட்டிகளுக்கு மட்டும் அந்த மண்; அவற்றைத் தண்ணீர்த்தொட்டிக்கு அந்தப் பக்கம் வைக்கப்போகிறேன், வடியும் தண்ணீர் மற்றவற்றில் கலக்காமல் இருக்க.