கரைய வேண்டிய தோல்

பேரணாம்பட்டு, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று எங்கள் பக்கம் எங்கே திரும்பினாலும் தோல் பதனிடும் ஷாப்புதான். பேரணாம்பட்டிலிருந்து மலை ஏறினால் ஆந்திரா வந்துவிடும். காட்பாடியிலிருந்து வடக்கே போனால் சித்தூர். இந்த வட்டாரத்தில் ஒரு சின்ன ஆய்வகத்தில், ஆறாத புண்ணுக்கு வைக்கும் கொலாஜன் பஞ்சு செய்வது என் வேலை. கொலாஜன் என்பது தோலுக்கு உறுதி தரும் புரதம். துறைக்காரர்கள் அதை ஸ்கேஃபோல்டு என்பார்கள். சுற்றியிருக்கும் செல்கள் உள்ளே ஏறிப் பிடித்து நின்று, புதுத் தோலைத் தாங்களே உண்டாக்கிக்கொள்ளும்வரை இடம் கொடுக்கும் தாங்கல். வேலை முடிந்ததும் அது இருந்த இடம் தெரியாமல் கரைந்துவிட வேண்டும். எனக்குத் தலைவலி தந்ததெல்லாம் இந்தக் கரைகிற விஷயம்தான்.

கொலாஜனுக்கும் நம் ஊருக்கும் பழைய உறவு உண்டு. மூன்று புரத இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு நிற்கும் அதன் அமைப்பை 1954-ல் ‘நேச்சர்’ இதழில் முன்வைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கார்த்தாவும். ஒவ்வொரு இழையிலும் மூன்றுக்கு ஒன்றாகத் திரும்பத் திரும்ப வருவது கிளைசின். முறுக்கின் உட்பக்கம் அவ்வளவு நெருக்கடி. அமினோ அமிலங்களிலேயே சின்னதான அதற்கு மட்டும்தான் அங்கே இடம். பாடப் புத்தகத்தில் இதைப் படித்துத் தேர்வெழுதியவள்தான் நானும். ஆனால் கொலாஜன் எப்படி நடந்துகொள்ளும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு தோல் ஷாப்பின் மேஸ்திரி பாய்.

எங்களுக்கு வேண்டியது சுண்ணாம்பில் ஊறி, முடி போய், இன்னும் பதனிடும் ரசாயனமான குரோம் படாத தோல். குரோம் பட்டுவிட்டால் அது எங்களுக்கு உதவாது. பாலாற்றுக்கு அந்தக் குரோம் என்ன செய்தது என்று இந்தப் பக்கத்தில் கிணறு வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அது தனிக் கதை. ஷாப்பில் கொதி டெஸ்ட் என்று ஒன்று பார்ப்பார்கள். பதனிட்ட தோலில் ஒரு துண்டை வெட்டி, ஓரத்தைப் பென்சிலால் காகிதத்தில் வரைந்துகொண்டு, கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, வரைந்த கோட்டின் மேல் வைத்துப் பார்ப்பார்கள். சுருங்காமல் இருந்தால் குரோம் நன்றாகப் பிடித்திருக்கிறது. பச்சைத் தோலாக இருந்தால் அறுபது, அறுபத்தைந்து டிகிரி தாண்டும்போதே சுருண்டு ரப்பர் மாதிரி ஆகிவிடும். சூட்டில் முறுக்கு அவிழ்கிறது. குரோம் இழைகளுக்கு நடுவே முடிச்சுப் போட்டு அதைத் தடுக்கிறது. ஆய்வகத்தில் நாங்கள் ‘கிராஸ்லிங்க்’ என்று சொல்லிக்கொள்வதும் இதே காரியம்தான். எங்கள் பஞ்சில் முடிச்சு எவ்வளவு விழுந்திருக்கிறது என்று பார்ப்பதும் அது சுருங்கும் வெப்பநிலையை வைத்துத்தான். பாயிடம் பென்சில் கோடு, எங்களிடம் பல லட்ச ரூபாய் மெஷின்.

நான் கேட்டு வந்தது இன்னதென்று புரிந்ததும் பாய் சிரித்துவிட்டார். “இன்னாம்மா இது, தோலு அழுகிப்போவாம இருக்கணும்னு நாங்க உயிரை வுட்றோம். நீ எத்தினி நாள்ல அழுகிப்போவும்னு கணக்கு கேக்கற!”

அவர் கேட்டதில் தப்பே இல்லை.

ஷாப்பிலிருந்து வரும் தோலை நறுக்கி, கழுவி, அசெட்டிக் அமிலத்தில் பெப்சின் என்ற செரிமான நொதியோடு சேர்த்துக் குளிர் அறையில் கிளறிக்கொண்டே இருப்போம். முறுக்கின் நுனிகளில் முறுக்காமல் தொங்கும் பகுதியைப் பெப்சின் கடித்துவிடும். உடம்பின் எதிர்ப்பைத் தூண்டும் பகுதிகளில் முக்கியமானது அது. பிறகு உப்புப் போட்டுத் திரட்டி, சுத்தம் செய்து, கெட்டிக் கஞ்சிப் பதத்தில் ஸ்டீல் தட்டில் ஊற்றி உறைய வைப்போம். ஓட்டைகள் உருவாவது இந்த இடத்தில்தான். பனிப் படிகம் வளர வளரக் கொலாஜனை ஓரமாகத் தள்ளுகிறது. வெற்றிடத்தில் பனி நேராக ஆவியாகிப் போனதும், படிகம் இருந்த இடமெல்லாம் ஓட்டை. மெதுவாக உறைய வைத்தால் பெரிய ஓட்டை, சட்டென்று உறைய வைத்தால் பொடி ஓட்டை. தோலுக்கான பஞ்சில் ஏறக்குறைய 20 முதல் 125 மைக்ரான் வரை இருந்தால் செல்கள் நன்றாக வேலை செய்யும் என்பது ஆய்வாளர்கள் யானாஸும் பர்க்கும் காட்டிய வழி. அமெரிக்காவில் தீக்காயத்துக்காக அவர்கள் உருவாக்கிய கொலாஜன் தோலுக்கு 1996-ல் அரசு அனுமதி கிடைத்தது. அதில் சுறாவின் குருத்தெலும்புச் சத்தும் சேர்த்திருந்தார்கள்.

இதெல்லாம் கரண்ட் இருக்கும்வரை. சித்தூர் பக்கத்திலிருந்து வரும் எங்கள் டெக்னீஷியன் தம்பி பதற்றம் வந்தால் தெலுங்குக்குத் தாவிவிடுவான். ஒரு கோடைக்காலத்தில், “அக்கா, கரெண்ட்டு போயிந்தி!” என்று அவன் கத்தும்போதே ஜெனரேட்டரும் கைவிரித்துவிட்டது. பாதி உலர்ந்த பனி உருகி, காலையில் தட்டில் கிடந்தது அப்பளம் மாதிரி ஒரு மெல்லிய தகடு. ஓட்டை என்று ஒன்றுகூட இல்லை.

நல்ல பஞ்சு கிடைத்தாலும், அப்படியே வைத்தால் உடம்பின் நொதிகள் சில நாளில் தின்றுவிடும். முடிச்சுப் போட்டாக வேண்டும். குளூட்டரால்டிஹைடு மலிவு; தோல் பதனிடவும் ஆகும், பன்றியின் இதய வால்வைப் பதப்படுத்தவும் ஆகும். ஆனால் மிச்சம் தங்கினால் செல்லைக் கொல்லும். ஆகவே இ.டி.சி. என்ற ரசாயனத்துக்கு வந்தோம். அது இழைகளைத் தங்களுக்குள் கைகோக்க வைத்துவிட்டுத் தான் கழன்றுகொள்ளும். எவ்வளவு போடுவது என்பதில்தான் முழு வித்தையும் இருக்கிறது. தோல் புண்ணுக்கு இரண்டு மூன்று வாரத்தில் பஞ்சு பெரும்பாலும் போய்விட வேண்டும். முன்னால் போனால் செல்லுக்குப் பிடிமானம் இல்லை. போகாமல் நின்றால் அதுவே புண்ணில் அந்நியப் பொருளாகி உறுத்தும்.

பஞ்சுக்குள் ஜீனையும் வைக்கலாம் என்று கிளம்பியபோது இந்தக் கணக்கு இரண்டு மடங்கு கடினமாயிற்று. சர்க்கரை நோயாளியின் கால் புண்ணுக்கு, செல்களை வளரத் தூண்டும் வளர்ச்சிக் காரணிப் புரதம் கலந்த ஜெல் 1997-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் அந்தப் புண்ணில் புரதத்தை அறுக்கும் நொதிகள் மண்டிக் கிடப்பதால், தினமும் தடவினாலும் போட்டது நிலைப்பதில்லை. புரதத்துக்குப் பதில் அதைச் செய்யும் ஜீனையே பிளாஸ்மிட் என்ற டி.என்.ஏ. வளையமாகப் பஞ்சில் ஏற்றிவிட்டால்? உள்ளே வரும் செல் பஞ்சைத் தின்றபடியே டி.என்.ஏ.வையும் எடுத்துக்கொண்டு, தானே புரதத்தைச் சுரக்கும். ஆய்வாளர் பொனாடியோவின் குழுவினர் 1999-ல் நாய்களின் எலும்பில் இதைச் செய்து காட்டினார்கள்.

எதோடும் சேராத வெறும் டி.என்.ஏ. செல்லுக்குள் சுலபமாகப் போகாது. அதன் மேல் எதிர் மின்சுமை, செல்லின் மேலும் எதிர் மின்சுமை; ஒன்றையொன்று தள்ளும். பி.இ.ஐ. என்ற நேர்மின்சுமைப் பாலிமரோடு கலந்தால் இரண்டும் சுருண்டு சில நூறு நானோமீட்டருக்குள் உருண்டைகளாகும். பி.இ.ஐ. கூடக்கூட உள்ளே போவதும் கூடும், செல் சாவதும் கூடும். போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கப் பச்சையாக ஒளிரும் ஜெல்லி மீன் புரதத்தின் ஜீனை வைப்போம். இருட்டறையில், இறுக்கமாக முடிச்சுப் போட்ட பஞ்சின் குறுக்குவெட்டைப் பார்த்தால் மேல் ஓரத்தில் மட்டும் நாலைந்து பச்சைப் பொட்டு, கீழே முழுக்கக் கருப்பு. செல்லால் தின்ன முடியவில்லை, டி.என்.ஏ. உள்ளேயே சிறைப்பட்டுவிட்டது. முடிச்சு குறைந்த பஞ்சிலோ முதல் இரண்டு நாளிலேயே டி.என்.ஏ. வழிந்து திரவத்துக்குப் போய்விட்டது. செல் ஏறிவரும்போது பஞ்சு காலி.

இந்தத் துறையின் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. மின்நுண்ணோக்கியில் ஓட்டைகள் அழகாக விழுந்தால் கட்டுரை வந்துவிடுகிறது. எத்தனை நாளில் கரையும், எதனால் கரையும் என்று மெனக்கெட்டுக் கேட்பவர்கள் குறைவு. என் கையில் இருக்கும் படங்களில் மிக அழகானது எதற்கும் ஆகாத பஞ்சின் படம்.

2024 டிசம்பரில் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா நோயாளிகள் ஐந்து பேருக்குச் செய்த ஜீன் சிகிச்சையின் முடிவை வெளியிட்டதிலிருந்து, ஊரில் எங்களையும் ஜீன் வைத்தியக்காரர்கள் என்கிறார்கள். அது வேறு. அங்கே ரத்த மூலசெல்லை வெளியே எடுத்து, அதன் மரபிலேயே ஜீனை நிரந்தரமாகச் சேர்த்து உடம்புக்குள் திருப்பி விடுகிறார்கள். எங்கள் பிளாஸ்மிட் பெரும்பாலும் செல்லின் மரபோடு சேராது. சில வாரம் வேலை செய்துவிட்டு மறையும். புண்ணுக்கு அது போதும், ஆறின பிறகும் வளர்ச்சிக் காரணி சுரந்துகொண்டிருந்தால் அதுதான் ஆபத்து.

இப்போது ஒரே பஞ்சில் இரண்டு அடுக்கு வைத்துப் பார்க்கிறோம். புண்ணைத் தொடும் பக்கம் முடிச்சு குறைவு, மேல் பக்கம் அதிகம், பிளாஸ்மிட் இரண்டிலும். கீழ் அடுக்கு முதல் வாரத்தில் கொடுக்கத் தொடங்க, மேல் அடுக்கு அதற்குப் பிறகு கொடுக்க வேண்டும் என்பது திட்டம். தட்டில் வளர்த்த செல்லில் ஓரளவு சொன்னபடி கேட்கிறது. எலியில் செய்ய விலங்கு நெறிக்குழுவுக்கு விண்ணப்பம் போயிருக்கிறது. அடுத்த லோடு தோலுக்குப் பாயிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.