மழை நாளுக்கு ஒரு கேரம் போர்டு

மழை வந்து மைதானம் சேறானால் பி.டி. பீரியட் உடனே கணக்குப் பாடமாகிவிடுகிறது. எனக்கு இதில் நிஜமாகவே வருத்தம். வகுப்புக்கு ரெண்டு கேரம் போர்டு வாங்கிப் போடலாமே!

அது வெறும் பொழுதுபோக்கு இல்லை. சென்னையின் மரிய இருதயம் இரண்டு முறை உலக சாம்பியன், 1996-இல் அர்ஜுனா விருது வாங்கியவர். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் வடசென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காஸிமா மூன்று தங்கம் அள்ளி வந்தார்.

எவ்வளவு யோசனை வேண்டிய ஆட்டம் தெரியுமா? ரெட், அதாவது சிவப்புக் காயை, குழியில் போட்டால் மட்டும் போதாது, அடுத்த அடியிலேயே ஃபாலோவாகத் தன் காய் ஒன்றையும் போடணும். தவறினால் ரெட் மறுபடி நடுவுக்குப் போய்விடும். அதனால் விவரமான பிள்ளைகள் ரெட்டைத் தொடும் முன்பே தன் காய் ஒன்றைக் குழி ஓரம் தயாராக வைத்திருப்பார்கள். காய்களை அடிக்கும் ஸ்டிரைக்கரே குழியில் விழுந்தால் மைனஸ், போட்ட காயைத் திருப்பி வைக்கணும். அந்த நேரத்தில் பிள்ளைகள் முகத்தைப் பார்க்கணும்!

வெயில் அடித்தால் கபடி, கோ-கோ கட்டாயம் வேண்டும். ஆனால் ஓட முடியாத பிள்ளையும் சமமாக உட்கார்ந்து ஜெயிக்கிற ஆட்டம் கேரம்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கேட்கப் போகிறேன். உங்கள் பிள்ளைகள் பள்ளியில் போர்டு இருக்கிறதா? சொல்லுங்க.