மார்ச்சில் உடைந்து மே மாதம் சரியான மெயில்

சம்பளச் சீட்டு அனுப்பும் மென்பொருளில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு பயம் எப்போதும் உண்டு. டெஸ்ட் செய்கிறேன் என்று தட்டிவிட்ட மெயில் யாரோ ஒருவரின் உண்மையான இன்பாக்ஸில் போய் விழுந்துவிட்டால்? தள்ளுபடிக் கூப்பன் தப்பான ஆளுக்குப் போனால் சிரித்துவிட்டு விட்டுவிடலாம். ஒருத்தர் சம்பளம் பக்கத்து சீட்டுக்காரருக்குத் தெரிந்துபோனால் அந்த ஆபீஸில் அன்றைக்கு வேறு பேச்சே இருக்காது. பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் நான் இருந்த நிறுவனத்துக்கு ஓசூர், திருப்பூர் பக்கம் நிறைய வாடிக்கையாளர்கள், அவர்களுடைய தொழிலாளர்களுக்குத் தமிழிலேயே மெயில் போகும். டெஸ்டிங்குக்கு டேட்டாபேஸை அப்படியே நகலெடுத்து வைப்பது அங்கே வழக்கம் என்பதால், டெஸ்ட் சூழலில் இருந்த மெயில் முகவரிகளும் நிஜம்.

அதனால் டம்மி மெயில் சர்வர் என்பது எங்களுக்கு வசதி இல்லை, கட்டாயம். மெயில்ஹாக் என்று ஒன்று இருந்தது, இப்போது அதைப் பராமரிப்பார் இல்லாததால் பலரும் மெயில்பிட்டுக்கு மாறிவிட்டார்கள், இரண்டும் வேலை செய்யும் விதம் ஒன்றுதான். நம் மென்பொருள் நிஜ சர்வர் என்று நினைத்து இதனிடம் மெயிலைக் கொடுக்கும், இது வாங்கித் தன்னிடமே வைத்துக்கொள்ளும், யாருக்கும் அனுப்பாது. நாம் பிரவுசரில் 8025 போர்ட்டைத் திறந்து வந்ததையெல்லாம் பார்க்கலாம் (போர்ட் என்பது கணினிக்குள் நுழைய எண் போட்ட ஒரு வாசல்). மெயில் வாங்கும் போர்ட் 1025. லினக்ஸில் 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டைத் திறக்க வழக்கமாக ரூட், அதாவது முழு அதிகாரம் உள்ளவரின் அனுமதி வேண்டும், மெயிலுக்கு வழக்கமான 25-ஐக் கேட்டால் அட்மின் ஆயிரம் கேள்வி கேட்பார், 1025 என்றால் யாரையும் கேட்க வேண்டாம். பைத்தான் மொழியில் ஒரே ஒரு வரி கட்டளையில் இதே வேலையைச் செய்யலாம் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள், ஆனால் அதற்கு உதவிய எஸ்எம்டிபிடி மாட்யூலைப் பைத்தான் 3.12 பதிப்பில் நீக்கிவிட்டார்கள்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். டெஸ்ட் முகவரி வேண்டும் என்றால் கைக்கு வந்ததைத் தட்டி ஜிமெயில் டாட் காம் என்று முடிப்பவர்கள் ஏராளம். அந்தப் பெயரில் எங்கோ ஒரு மனிதர் உண்மையாகவே இருப்பார். எக்ஸாம்பிள் டாட் காம் என்ற டொமைனை இதற்கென்றே ஒதுக்கி 1999-ல் ஆர்எஃப்சி 2606 என்ற இணைய விதிமுறை ஆவணம் வந்துவிட்டது, அதைப் பயன்படுத்த ஏன் இத்தனை சோம்பல் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். திருப்பூர் வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து மார்ச் மாதத்தில் ஒரு புகார் வந்தது: மெயிலின் தலைப்பில் நடுவே கட்டத்துக்குள் கேள்விக்குறி தெரிகிறது. ஏப்ரலிலும் அதே புகார். யாரோ கையில் எடுத்துப் பார்ப்பதற்குள் மே வந்துவிட்டது, மே மாத மெயில் எல்லாருக்கும் சுத்தமாகப் போனது, மேனேஜர் "இப்போது வரவில்லை" என்று எழுதி டிக்கெட்டை மூடிவிட்டார். ஜூன், ஜூலையும் அமைதி. ஆகஸ்டில் மறுபடியும் கேள்விக்குறி. கூட்டத்தில் ஒருவர், "பேசாம சப்ஜெக்ட இங்கிலீஷ்லயே வெச்சிடலாமே, பிரச்சினையே இல்லையே" என்றார். திண்டுக்கல்லிலிருந்து வந்து எங்கள் டெஸ்டிங் டீமில் இருந்த ஒருவருக்கு அதில் கோபம் வந்துவிட்டது. "ஏங்க, மே மாசம் தமிழ்ல சரியாத்தானே போச்சு? அப்போ தமிழ்ல என்னங்க தப்பு?" என்று கேட்டார். அங்கே எழுந்த ஒரே நல்ல கேள்வி அதுதான்.

டம்மி சர்வர் இல்லாவிட்டால் விடை தெரிய அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டும். இருந்ததால் தேதியை மாற்றி மாற்றிப் பன்னிரண்டு மாதத்து மெயிலையும் ஒரே மூச்சில் அனுப்பிப் பார்த்தோம். பட்டியலில் முதலில் விரல் வைத்தவர் தமிழ் படிக்கத் தெரியாத ஒரு கன்னடக்கார நண்பர். நாங்கள் எழுத்தைப் படித்துக்கொண்டே போனதில் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது, அவருக்கு அது வெறும் படம் என்பதால் கேள்விக்குறி உடனே கண்ணில் பட்டது. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை எல்லாம் உடைந்திருந்தன. ஜனவரி, மே, ஜூன், ஜூலை நன்றாக இருந்தன.

மெயிலின் மூல வடிவத்தைத் திறந்து பார்த்தபோதுதான் புரிந்தது. மெயில் தலைப்பில் ஆங்கில எழுத்து தவிர வேறு எதையும் நேராக வைக்க முடியாத காலத்தில் உருவான ஏற்பாடு ஒன்று இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. தமிழை பேஸ்64 ஆக, அதாவது ஆங்கில எழுத்து, எண், ஓரிரு குறி மட்டும் உள்ள வடிவமாக மாற்றித் துண்டு துண்டாக உறையில் போட வேண்டும், ஒரு துண்டு 75 எழுத்தைத் தாண்டக் கூடாது. உறைக்கே 12 எழுத்து போய்விடும். மீதி 63, பேஸ்64 மூன்று பைட்டை நான்கு எழுத்தாக்கும், நான்கு நான்காகத்தான் போகும், ஆக 60. அந்த 60-ல் அடங்குவது 45 பைட். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், புள்ளியும் கொம்பும்கூடத் தனித்தனி 3 பைட். இடைவெளி மட்டும் 1 பைட். எப்போதோ யாரோ எழுதி வைத்த எங்கள் நிரல், எழுத்து எங்கே முடிகிறது என்று பார்க்காமல், 45-வது பைட்டில் கண்ணை மூடிக்கொண்டு வெட்டியது.

"மே மாத ஊதியச் சீட்டு" என்பதில் முதல் 45 பைட்டுக்குள் மூன்று இடைவெளி வருகிறது, மீதி 42, அது மூன்றால் வகுபடும், வெட்டு சரியாக "சீட" என்பதோடு நிற்கும், மிச்சம் அடுத்த துண்டில். "மார்ச் மாத ஊதியச் சீட்டு" என்றால் பெயர் நீளம், இரண்டு இடைவெளிக்குள்ளேயே 45 வந்துவிடும். மீதி 43. பதினான்கு குறி போக ஒரு பைட் மிஞ்சும். அந்த ஒரு பைட் "ஊதியச்" என்பதில் உள்ள ச் மேல் இருக்கும் புள்ளியின் முதல் மூன்றில் ஒரு பங்கு! சில மெயில் செயலிகள் துண்டுகளை ஒட்டிவிட்டுப் படிக்கும், அவற்றில் தப்பு எதுவும் தெரியாது. தனித்தனியாகப் படிப்பவை கேள்விக்குறி காட்டும். ஒரு எழுத்தை இப்படி இரண்டு துண்டில் பிரிக்கக் கூடாது என்று 1996-ல் வந்த ஆர்எஃப்சி 2047 தெளிவாகவே சொல்கிறது. அந்தச் சொந்த வெட்டும் நிரலைத் தூக்கி எறிந்துவிட்டு, ஜாவா மெயில் நூலகத்திடமே தலைப்பைக் கொடுத்தோம், தீர்ந்தது. எழுதிச் சேர்த்ததைவிட அழித்த வரிகள்தான் அதிகம்.

இந்த வெற்றிக்கு அப்புறம் எங்கள் ஆட்களுக்கு டம்மி சர்வர் மேல் கொஞ்சம் அதிகமாகவே நம்பிக்கை வந்துவிட்டது, எனக்கு அதில்தான் சங்கடம். அது ஒரு தலையாட்டி பொம்மை. எதைக் கொடுத்தாலும் 250, அதாவது சரி வாங்கிக்கொண்டேன் என்றுதான் சொல்லும். நிஜ சர்வர்கள் அப்படியா? அப்படி யாரும் இங்கே இல்லை என்று 550 சொல்லும். அறிமுகம் இல்லாத சர்வரிடமிருந்து வந்தால் இப்போது முடியாது, அப்புறம் வா என்று 451 சொல்லும். எங்கள் நிரலுக்கு இரண்டும் ஒன்றுதான், எது வந்தாலும் தோல்வி என்று குறித்துவிட்டு அந்த முகவரியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. எப்போதும் சரி சொல்லும் சர்வரை வைத்து டெஸ்ட் செய்தால் இது எந்தக் காலத்திலும் வெளியே வராது. மெயில்ஹாக்கில் ஜிம் என்று ஒரு குரங்கு, அதாவது வேண்டுமென்றே குழப்பம் செய்து பார்க்கும் வசதி உண்டு, அதை அழைத்தால் நினைத்தபோது இணைப்பை அறுக்கும், நினைத்த மெயிலை மறுக்கும். அதை ஓடவிட்டபோது இன்னொன்றும் தெரிந்தது: மெயில் முழுவதும் போய்ச் சேர்ந்தபின், 250 வருவதற்கு முன் இணைப்பு அறுந்தால், அனுப்பியவருக்குப் போனதா இல்லையா என்று தெரியாது, திரும்ப அனுப்பினால் இரண்டு பிரதி. 1988-லேயே இதைப் பற்றி ஆர்எஃப்சி 1047 எழுதப்பட்டிருக்கிறது. சம்பளச் சீட்டு வராமல் போவதைவிட இரண்டு வருவது மேல் என்று முடிவு செய்தோம், அதில் எனக்கு வருத்தம் இல்லை.

ஸ்பாமில் விழுமா என்ற கேள்விக்கும் டம்மி சர்வரிடம் பதில் கிடையாது. மெயில் சொன்ன டொமைனிலிருந்துதான் வந்ததா என்று சரிபார்க்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் எல்லாம் நிஜ டிஎன்எஸ்ஸில், அதாவது இணையத்தின் டொமைன் பதிவேட்டில், இருக்கும் பதிவுகளைப் பார்த்து எடுக்கும் முடிவு. ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளில் 5000-க்கு மேல் அனுப்புபவர்கள் இந்த மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று கூகுள் 2024 பிப்ரவரியிலிருந்து விதி போட்டிருக்கிறது. தொழிலாளர்களில் பெரும்பாலோர் ஜிமெயில், எல்லாருக்கும் சம்பளம் ஒரே நாள். எண்ணிப் பார்க்கவே தேவையில்லை, நாங்கள் அந்த விதிக்குள்தான்.

ரிலீஸ் ஷீட்டில் "மெயில் டெலிவரி - ஓகே" என்று ஒரு வரி இருந்தது. டம்மி சர்வரில் பார்த்துவிட்டு அதில் டிக் அடிப்பது பழக்கம். சண்டை போட்டு அதை இரண்டாக்கினோம். மெயில் சரியாகக் கிளம்பியதா என்பது ஒன்று, அதற்கு டம்மி சர்வர் போதும். போய்ச் சேர்ந்ததா என்பது மற்றொன்று, அதற்கு எங்கள் சொந்த ஜிமெயில், அவுட்லுக் கணக்குகளுக்கு அனுப்பி, ஒரு பழைய மலிவு போனிலும் திறந்து பார்த்துவிட்டுத்தான் குறிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இதற்கு ஆள் கிடைக்கவில்லை, பாதிப் பேர் சேலம் பஸ்ஸைப் பிடிக்க சில்க் போர்டுக்கு ஓடிவிடுவார்கள். அதனால் ரிலீஸையே வியாழக்கிழமைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டோம், மாற்றினார்கள்.