காசிமேட்டில் எடுத்த கானாப் பாடலைத் தொகுத்த அனுபவம்

காட்சித் தொடர்பியல் படிக்கும் நாங்கள் இறுதியாண்டில் குழுவாகச் சேர்ந்து ஒரு பாடல் காணொலி தயாரித்து ஒப்படைக்க வேண்டும். எங்கள் குழு எடுத்துக்கொண்டது மீன்பிடித் தடைக்காலத்தைப் பற்றிய கானா. அதை எழுதிப் பாடியவர் வடசென்னையின் மீன்பிடித் துறைமுகப் பகுதியான காசிமேட்டைச் சேர்ந்த முதலாண்டுத் தம்பி ஒருவர். படத்தொகுப்பு என் பொறுப்பு.

படப்பிடிப்பின் பெரும்பகுதியைக் கோடை விடுமுறையில், மே மாதத்தில் முடித்தோம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குச் செல்லக் கூடாது என்பதால், துறைமுகம் முழுவதும் படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. விடுபட்ட ஷாட்டுகளுக்காக ஜூலையில் போனபோது பல படகுகள் கடலுக்குப் போயிருந்தன. இரண்டையும் டைம்லைனில் (தொகுப்பு மென்பொருளில் ஷாட்டுகளை வரிசையாக அடுக்கும் பட்டையில்) அடுத்தடுத்து வைத்தால், ஒரு வரியைப் பாடும்போது பின்னால் படகுக் கொடிகளின் காடாகவும் அடுத்த வரியில் வெறும் தண்ணீராகவும் தெரிந்தது. பின்னணியை மங்கலாக்கி மறைக்கலாம் என்று குழுவில் சிலர் சொன்னார்கள். நான் பாடலின் வரிகளை மறுபடி படித்துப் பார்த்தேன். முதல் சரணம் வேலையில்லாமல் வலை பின்னிக்கொண்டிருக்கும் தகப்பனைப் பற்றியது. கடைசிச் சரணத்தில்தான் அவர் கடலுக்குப் போகிறார். ஆகவே மே மாதத்து ஷாட்டுகள் அனைத்தும் முதல் சரணத்துக்கும், ஜூலை ஷாட்டுகள் கடைசிச் சரணத்துக்கும் என்று ஒதுக்கினேன். இதனால் நன்றாக அமைந்த சில ஷாட்டுகளைக் கைவிட நேர்ந்தது. ஆனால் எந்தக் காட்சி எங்கே என்ற கேள்வி எழுந்தபோதெல்லாம் பாடலே பதில் சொல்லிவிட்டது.

அடுத்தது வாயசைப்பு. பாடலைத் தம்பியின் அருகே ஒரு சிறிய ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு அதற்கேற்பப் பாடவைத்தோம். அருகில் இருந்து எடுத்த ஷாட்டுகளில் கேமராவில் பதிவான ஒலியைப் பாடலின் ஒலியலையோடு பொருத்தினாலே உதடுகள் சரியாக அமைந்துவிட்டன. அலைதடுப்புக் கற்களின் மேல் அவர் நிற்க, ஏறத்தாழ 40 மீட்டர் தள்ளி எடுத்த ஷாட்டில் மட்டும் உதடு முந்திக்கொண்டு அசைந்தது. காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. 40 மீட்டரைக் கடக்க அதற்கு 0.12 நொடி ஆகும், அதாவது நொடிக்கு 25 ஃப்ரேம் (தனித்தனிப் படம்) என்ற வேகத்தில் 3 ஃப்ரேம். கேமராவில் பதிவான ஒலியே தாமதமாக வந்தது என்பதால், ஒலியைப் பொருத்தியபின் படத்தை 3 ஃப்ரேம் பின்தள்ளி வைத்ததும் சரியாகிவிட்டது.

கைபேசியில் எடுத்தவற்றில் வேறு சிக்கல் இருந்தது. கைபேசிகள் பலவும் சீரான ஃப்ரேம் வேகத்தில் பதிவுசெய்வதில்லை. நொடிக்கு 30 என்று காட்டினாலும், வெளிச்சம் குறையும் இடங்களில் வேகமும் குறைகிறது. அத்தகைய கோப்பை நேராக டைம்லைனில் இறக்கினால், தொடக்கத்தில் பொருந்தும் வாயசைப்பு போகப்போக விலகுகிறது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் சீரான வேகத்துக்கு மாற்றிய பிறகே அவற்றைத் தொட்டேன். அப்போதும் 30 ஃப்ரேமை 25-க்குள் அடைக்கும்போது நடனத்தில் ஒரு தடுக்கல் தெரியும். அதனால் கைபேசி ஷாட்டுகளில் அசைவு குறைந்த முகங்களை மட்டும் வைத்துக்கொண்டேன்.

வேகம் தணித்த ஒரு ஷாட்டிலும் வாயசைப்பு வேண்டியிருந்தது. அதற்காகப் பாடலை இருமடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டு, 50 ஃப்ரேமில் எடுத்து, 25-இல் ஓடவிட்டோம். அந்த வேகத்தில் கானா பாட முயன்ற தம்பி சிரித்துச் சிரித்தே பல டேக்குகளைத் தீர்த்துவிட்டார்.

வெட்டும் இடங்களைத் தீர்மானிப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. பாடல் நிமிடத்துக்கு 100 தாள அடி வேகத்தில், திஸ்ர நடையில் அமைந்தது. 25 ஃப்ரேம் கணக்கில் ஓர் அடிக்கு 15 ஃப்ரேம், அதை மூன்றாகப் பிரித்தால் 5 ஃப்ரேம்; மிச்சமில்லாமல் வகுபடுவதால் டைம்லைனில் குறியிடுவது எளிதாக இருந்தது. ஆனால் டோலக்கின் ஒவ்வோர் அடிக்கும் வெட்டினால், முதல் அரை நிமிடத்திலேயே கண் சலித்துப்போகிறது. கானாவில் பாடுபவர் வரியை இழுத்து, அடியைத் தாண்டிச் சென்று, பிறகு வந்து சேர்வார். அந்த இழுவையின் நடுவே வெட்டுவதைப் போன்ற அநியாயம் வேறில்லை என்பது என் கருத்து. முதல் தொகுப்பைப் பார்த்த தம்பி, “அண்ணா, நான் மூச்சு வாங்குற எடத்துல என் மூஞ்சி இருக்கணும்ணா” என்றார். அவர் கேட்டது நியாயம். வரிகளுக்கிடையே அவர் மூச்செடுக்கும் இடங்களில் முகத்தை அப்படியே விட்டுவிட்டு, டோலக் தனியாக ஒலிக்கும் இடையிசையில் மட்டும் அடிக்கு அடி வெட்டினேன்.

துண்டிக்கப்பட்டவற்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நண்பர் ஒருவர் பட்டாக்கத்தியோடு சந்தில் நடந்துவரும் ஷாட் எங்களிடம் இருந்தது. வடசென்னை என்றால் அது இருக்க வேண்டும் என்று எடுத்திருந்தார்கள். பாடலில் கத்திக்கு வேலையில்லை என்பதைக் காட்டி அதை நீக்கச் சம்மதிக்க வைக்க ஒரு மாலை முழுவதும் பேச வேண்டியிருந்தது.

வண்ணத் திருத்தத்தை டாவின்சி ரிசால்வ் என்ற தொகுப்பு மென்பொருளின் இலவசப் பதிப்பில் செய்தேன். கைபேசிகள் முகத்தைத் தாமாகவே வழுவழுப்பாக்கி வெளுப்பாகக் காட்டியதால், கேமராவில் பதிவான நிறத்தையே அளவாக வைத்து அவற்றின் வெளுப்பைக் குறைத்தேன். வெயிலில் கறுத்த தோலை வெளுக்கவைப்பது எனக்கு உடன்பாடில்லை. வலைக்கூடத்தில் எடுத்த சில ஷாட்டுகளில் டியூப்லைட் பட்டை பட்டையாக ஓடியது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டர் வேகம் 1/50 அல்லது 1/100 நொடியாக இருந்தால் இது வராது. தானியங்கி முறையில் எடுத்தவற்றைத் தொகுப்பில் முழுமையாகச் சரிசெய்ய முடியவில்லை, நீக்கினேன்.

முகம் தெரியும் மீன் விற்கும் அக்காக்களிடம் தொகுப்பைக் கொண்டுபோய்க் காட்டினோம். ஒருவர் தன்னை எடுத்துவிடச் சொன்னார். அந்த இடத்தில் ஐஸ் அள்ளும் கைகளை வைத்தேன். கடைசியாக ஒலியளவு: யூடியூப் ஏறத்தாழ -14 லஃப்ஸ் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) அளவைவிட உரக்க இருக்கும் ஒலியைத் தானாகவே தணித்துவிடுவதால், அதிரவைக்கும் கலவையைத் தவிர்த்து அந்த அளவிலேயே ஏற்றுமதி செய்து துறையில் ஒப்படைத்தோம்.